மெட்டல் டிடெக்டர் பற்றிப் பரவும் வாட்ஸ்அப் செய்தி: உண்மை விளக்கம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் தவறிய நகையைத் தேட, கடற்கரைக்கென விற்கப்படும் ‘பல்ஸ் இண்டக்ஷன்’ (விட்டுவிட்டு மின்துடிப்புகளை அனுப்பி உலோகத்தைக் கண்டறியும்) வகை மெட்டல் டிடெக்டர்தான் வேண்டும், அது பத்தடி ஆழத்து மோதிரத்தையும் காட்டும், ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றிருந்தால் முழுவதும் மூழ்கவிடலாம் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. மூன்றும் தவறு.

கடல்நீரின் உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவிகள் ஈரமணலில் பொய்யாக ஒலிக்கும். அங்கேதான் பல்ஸ் இண்டக்ஷனோ பல அதிர்வெண் கருவியோ தேவை. 1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரி நன்னீர் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. மாறாக, பல்ஸ் இண்டக்ஷன் கருவிகளில் பெரும்பாலானவை இரும்பைப் பிரித்தறிவதில் பலவீனமானவை என்பதால், துருப்பிடித்த ஆணிக்கும் பாட்டில் மூடிக்கும் தோண்டித் தோண்டியே நாள் கழியும். இரும்புச்சத்துள்ள மலைச் செம்மண்ணுக்கு, மண்ணிலுள்ள தாதுக்களால் எழும் பொய் ஒலியைக் குறைக்கும் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதியுள்ள சாதாரண கருவியே பொருத்தம் என்பது என் கருத்து.

மோதிரம் போன்ற சிறுபொருள் பொதுவாக ஓரடி ஆழத்துக்குள்தான் சிக்கும். பல கருவிகளில், தரையருகே பிடிக்கும் வட்டமான தேடுசுருள் மட்டுமே நீர் புகாதது. தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி67 தரம்கூட ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரத்துக்கே பொருந்தும். இதைக் கருவியின் பயனர் கையேட்டிலேயே சரிபார்க்கலாம்.

நகையை இழந்து தவிப்பவர் கைப்பணத்தையும் இழக்க நேரிடும் என்பதால், அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.