மிஷன் பயணத்தில் பாடு யாருக்கு?

வெளிநாட்டு ஊழியப் பயணம் போய்வந்த குழுக்கள் ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன் நின்று சாட்சி சொல்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். விசா கடைசி நாளில்தான் கிடைத்தது, பெட்டி வந்து சேரவில்லை, போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டோம், ஆனாலும் கர்த்தர் நடத்தினார் என்று அவர்கள் சொல்லும்போது மனதார ஆமென் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பட்ட சிரமம் எதுவும் பொய்யில்லை. ஆனால் கொஞ்ச காலமாகவே ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சாட்சிகளில் வரும் பாடுகள் எல்லாம் போனவர்களுடையதாகவே இருக்கின்றன. அவர்களை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள், கூடவே அலைந்து மொழிபெயர்த்தவர்கள், குழு கிளம்பிய பிறகும் அதே ஊரில் குடியிருந்தாக வேண்டியவர்கள், இவர்கள் பட்டது எங்கேயும் பேச்சில் வருவதில்லை. ஆசீர்வாதக் கணக்கிலும் வருவதில்லை.

லுத்தரன் சபைக்காரனான எனக்கு நன்றாகத் தெரிந்த மிஷன் பயணம் தரங்கம்பாடிக்கு வந்ததுதான். அதை வைத்தே சொல்கிறேன்.

டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் 1705 நவம்பர் 29ஆம் தேதி கோபன்ஹேகனில் சோபியா ஹெட்விக் கப்பலில் ஏறினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழு மாதத்துக்கும் மேலான கடல் பயணம். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லும்போது புயல், அலை, வெயில் என்று சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்துவார்கள். கரையில் நடந்ததை யாரும் அவ்வளவு அழுத்திச் சொன்னதில்லை.

கரையில் அவர்களை எதிர்கொண்டவர் கோட்டைத் தளபதி ஹாசியஸ். அவரும் கிறிஸ்தவர், அதே ராஜாவின் கீழ் இருப்பவர். வந்தவர்களைக் கண்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வியாபாரம் செய்ய வந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரிகள் வேண்டாத விருந்தாளிகள். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் அவர்களைத் தெருவிலேயே நிற்கவிட்டுப் போனார். பாஷை தெரியாத ஊர், தங்க இடமில்லை. கடைசியில் மனமிரங்கிய ஒருவர் கூட்டிக்கொண்டு போனார்.

அதோடு முடியவில்லை. ஓர் ஏழைத் தமிழ் விதவைக்கு நடந்த அநியாயத்தைக் கேட்கப் போன சீகன்பால்கை அதே தளபதி பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். 1708 கடைசியிலிருந்து 1709 தொடக்கம் வரை நான்கு மாதச் சிறை. பிறகு 1718 வாக்கில் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் கடிதம் கடிதமாக எழுதினார். கட்டடம் எதற்கு, பணம் எதற்கு, அப்போஸ்தலர்கள் இப்படியா ஊழியம் செய்தார்கள் என்று. ஏற்கெனவே உடல்நலம் கெட்டிருந்த சீகன்பால்கை அந்தக் கடிதங்கள் உடைத்துப்போட்டன. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி அவர் இறந்தபோது வயது 36. வெயிலும் வியாதியும் செய்ததில் பாதியை அனுப்பிவைத்தவர்களின் பேனா செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பவுல் கொரிந்து சபைக்குத் தன் பயணத்தில் வந்த மோசங்களைப் பட்டியல் போட்டு எழுதினாரே, அதில் கள்ளர், கடல், வனாந்தரம் என்று சொல்லிக்கொண்டே வந்து, சொந்த ஜனத்தையும் கள்ளச்சகோதரரையும் சேர்த்திருப்பார். நாம் அந்த இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறோம். சாட்சி சொல்லும்போது விமான நிறுவனத்தைச் சொல்வோம், கொசுவைச் சொல்வோம், சத்துருவின் போராட்டம் என்போம். நம் கமிட்டிக்குள்ளேயே பயணப் பணத்துக்காக நடந்த சண்டையைச் சொல்ல மாட்டோம்.

கடலில் நடந்தது ஒன்றும் சின்ன விஷயமில்லைதான். லண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் ஓர் அச்சு இயந்திரத்தையும், அதை இயக்க யோனாஸ் பிங்க் என்பவரையும் கப்பலில் அனுப்பியது. வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. பிங்க் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் தப்பித்து வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. அதற்கான ஈயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் சீஸ் டப்பாக்களின் மூடி. நம் ஊரில் புதிய ஏற்பாடு தமிழில் முதலில் அச்சானது, 1714, 1715 வாக்கில், இப்படித்தான். காகிதத்துக்குப் பொறையாற்றில் ஒரு பட்டறையும் வைத்தார்கள். கேட்கக் கேட்க அலுக்காத கதை இது.

ஆனால் அந்த ஈயத்தில் வார்த்த எழுத்துகளை வைத்து என்ன அச்சடிப்பது? அதற்கு முதலில் தமிழ் வேண்டுமே. அந்தத் தமிழ் எழுபது வயது வாத்தியார் ஒருவரிடமிருந்து வந்தது. அவர் கிறிஸ்தவரும் இல்லை. தன் திண்ணைப் பள்ளிக்கூடத்தையே மிஷனரிகளின் வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே சின்னப் பிள்ளைகளோடு சீகன்பால்கும் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். ஐரோப்பாவில் இறையியல் படித்துவிட்டு வந்தவரை ஒரு கிழவனார் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவைத்தார். வாத்தியாரின் மகன் கணபதி பிறகு ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக அவர் சொந்தக்காரர்களிடம் பட்ட கஷ்டம் தனிக் கதை.

அழகப்பன் என்று இன்னொருவர். கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், போர்த்துகீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர். சீகன்பால்குக்குச் சொற்களை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, இந்த ஊர் எப்படி யோசிக்கிறது என்பதையும் விளக்கினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஊரைவிட்டு விரட்டலும் தஞ்சாவூரில் சிறையும். நம் மார்க்கத்தின் விஷயங்களைப் பரங்கிகளுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. சீகன்பால்கின் நான்கு மாதச் சிறையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அழகப்பனின் விலங்கைப் பற்றி ஒரு பிரசங்கமாவது கேட்டிருக்கிறோமா?

சீகன்பால்கின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் அவர் நம்மைவிட நேர்மையானவர். வந்து சுமார் இரண்டு வருடத்தில், 1708இலேயே, தான் படித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் உண்டு. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இந்த ஜனத்துக்கு ஒழுக்கமும் அறிவும் உண்டு என்று தன் ஊர்க்காரர்களுக்கு அடித்துச் சொன்னார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே மிஷனுக்குப் பின்பலமாக இருந்த பேராசிரியர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் மிஷனரிகளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்தக் கைப்பிரதி 1867 வரை காத்திருந்து கடைசியில் சென்னையில் அச்சேறியது. தமிழர்கள் மிஷனரிகளுக்கு எழுதிய 99 கடிதங்களை மட்டும் ஹாலேயில் வெளியிட்டார்கள். எழுதியவர்கள் யார் என்ற பெயர் அதில் இல்லை.

போனவர் எழுதினாலும், அனுப்பியவர்களுக்குக் கேட்கப் பிடித்த பகுதிதான் அச்சாகிறது. இன்றைக்கும் அப்படித்தான். நன்கொடை கொடுத்தவர்கள் முன்னால் வாசிக்கப்படும் அறிக்கையில், நன்கொடை கொடுத்தவர்கள் அனுப்பிய ஆட்கள்தான் கதாநாயகர்கள்.

அறிக்கையை லேசாக நினைக்கவும் கூடாது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்து, இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு குருவானவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அதைப் படித்து மனம் அசைந்தவர் சூசன்னா வெஸ்லி. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அவருடைய மகன் ஜான் அப்போது சின்னப் பையன். ஓர் அறிக்கை எங்கே போய் யாரைத் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அதில் யார் இருக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பதை இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன்.

நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சபைக்கும் வெளிநாட்டுக் குழுக்கள் வருவதுண்டு. அவர்கள் வருவதற்கு முன்பே எங்கள் தெருப் பெண்களுக்குத் தூக்கம் போய்விடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, எவர்சில்வர் குடத்தில் ஊற்றி, தட்டால் மூடி, வேறு யாரும் டம்ளரை உள்ளே விட்டுவிடக் கூடாது என்று பக்கத்திலேயே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். கோழிக் குழம்பில் மிளகாயைக் குறைத்துத் தேங்காய்ப் பாலை ஊற்றுவார்கள். அந்த வாரம் அந்த வீட்டுப் பெண்கள் களை எடுக்கப் போக மாட்டார்கள், அந்தக் கூலியும் இல்லை. மாதங்கள் கழித்து அந்த நாட்டுச் சபையின் செய்திமடல் தபாலில் வரும். ஆங்கிலம் தெரிந்த அண்ணன் ஒருவர் வாசித்து அர்த்தம் சொல்வார். பயணம் முழுக்க ஒருவருக்கும் வயிறு கெடவில்லை, தேவன் அற்புதமாகக் காத்தார் என்று அதில் இருக்கும். தேவன்தான் காத்தார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பாட்டியின் கையைக் கொண்டு காத்தார். அந்த வரியில் பாட்டிக்கும் ஓர் இடம் இருந்திருக்கலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் ஒதுங்கியபோது, மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கொண்ட அந்தத் தீவுக்காரர்களின் அன்பை அவர் மறக்காமல் எழுதிவைத்தார். வீட்டில் தங்கவைத்த புபிலியுவின் பெயர் உட்பட.

இப்போது காலம் மாறி நாமே போகிறோம். தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து நேபாளத்துக்கு எத்தனையோ குழுக்கள் போய்வருகின்றன. அந்த நாட்டின் 2015 அரசியலமைப்பே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து வருடம் வரை சிறை. வெளிநாட்டுக்காரர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தலும் உண்டு. இதெல்லாம் தெரிந்தும் ஜெபக்கூட்டத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் கிராமத்து ஜனங்களின் முகம் தெரிய போட்டோ எடுத்து, ஊர் பெயரோடு முகநூலில் போடுகிறோம். கீழே நூறு பேர் அல்லேலூயா எழுதுகிறார்கள். நாம் விமானம் ஏறி வந்துவிடுவோம். அந்தப் போட்டோவை யாராவது காவல் நிலையத்தில் காட்டினால் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயுள்ள போதகர். அழகப்பனுக்கு நடந்தது பழைய கதை என்று நினைக்க என்னால் முடியவில்லை.

அப்படியானால் அவர்கள் பெயரைச் சொல்லு என்கிறாயா, மறை என்கிறாயா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே. கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான். பெயர் வேண்டாம் என்றால், பெயர் இல்லாமலே அவர்கள் செய்ததைச் சொல்லலாம். எங்களுக்காக ஒரு குடும்பம் தங்கள் ஒரே அறையைக் காலி செய்துவிட்டு அடுப்படியில் படுத்தது என்று சொன்னால் யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்கிற சபைக்கு அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்கத் தெரியும்.

எங்கள் சபையிலிருந்து ஒரு குழு கிளம்பத் தயாராகிறது. மிஷன் கமிட்டியிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான்: பயண அறிக்கையின் முதல் பகுதியை வரவேற்கும் சபையே அவர்கள் மொழியில் எழுதட்டும், இங்கே மொழிபெயர்த்து வாசிப்போம். நம்மால் அவர்களுக்கு என்ன செலவு, என்ன தொந்தரவு என்று கேட்டு, அந்தப் பணத்தைப் பயண பட்ஜெட்டிலேயே ஒதுக்குவோம். எந்தப் படம் வெளியே போகலாம் என்பதை அங்கேயுள்ள போதகரே சொல்லட்டும். குழு திரும்பி வந்த பிறகும் மாதாமாதம் யாராவது ஒருவர் அவருக்குப் போன் செய்து நலம் விசாரிக்கட்டும். ஒரு பெரியவர், இதெல்லாம் எதற்கு தம்பி, ஆவியானவர் நடத்துவார் என்றார். நடத்துவார் ஐயா, அதற்குத்தான் கேட்கிறேன் என்று சொன்னேன்.

கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது. உங்கள் சபையில் ஏற்கெனவே இப்படி ஏதாவது செய்துவருகிறீர்கள் என்றால் இங்கே எழுதுங்கள், கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெளிநாட்டு மிஷனரிகளுக்குச் சமைத்தது, மொழிபெயர்த்தது, பாடம் சொல்லிக்கொடுத்தது பற்றிக் கேட்டறிந்த கதைகளையும் எழுதுங்கள்.