‘எம்’ முத்திரையும் 1,000 டாலர் அபராதமும்

அமெரிக்காவில் ‘எம்’ என்ற வயது முத்திரையுள்ள வீடியோ கேமைச் சிறுவர்களுக்கு விற்றால் 1,000 டாலர் அபராதம் என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படியொரு சட்டம் இன்று நடைமுறையில் இல்லைங்க. அந்தத் தொகை, கலிஃபோர்னியா 2005-இல் இயற்றிய சட்டத்தில் இருந்தது. வன்முறை கேம்களை 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் அது. நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றம் தடை விதித்தது. 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணானது என்று 7-2 என்ற கணக்கில் அதைச் செல்லாததாக்கியது. 2005 செய்தியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தப் பின்கதை தெரியாமல் போகிறது, குழப்பம் அங்கேதான்.

‘எம்’ என்றால் 17 வயதும் அதற்கு மேலும். அட்டைப்பெட்டியின் முன்பக்கக் கீழ்மூலையில் இருக்கும். அதை வழங்குவது இ.எஸ்.ஆர்.பி. என்ற, கேம்களுக்கு வயதுத் தரம் குறிக்கும் அமைப்பு. கேம் துறையே 1994-இல் அமைத்துக்கொண்டது, அரசு அமைப்பல்ல. கவுன்டரில் வயதுச் சான்று கேட்பது கடையின் சொந்த விதி. சரிபார்க்க, அமெரிக்க உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண் 08-1448 என்று தேடுங்கள். தீர்ப்பின் தொடக்கத்திலுள்ள சுருக்கமே போதும்.