மைக்கேல் வில்சனுக்குச் சேர வேண்டிய பெயர்

கம்யூனிஸ்டுகள் என்ற சந்தேகத்தில் திரைத்துறையினருக்கு வேலை மறுத்த ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியல் என்றதும் பலரும் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போவைத்தான் சொல்வார்கள். புனைபெயரில் ஆஸ்கர் வென்று, 1960இல் சொந்தப் பெயரோடு திரைக்குத் திரும்பியவர் என்பதால் அவர் கதை கேட்பவர்களுக்கு நிறைவு தருகிறது. அந்தக் காலத்து அநியாயத்தின் முழு அளவை அறிய வேண்டுமானால் இன்னொரு திரைக்கதை எழுத்தாளரான மைக்கேல் வில்சனின் கதையைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

‘எ பிளேஸ் இன் த சன்’ படத்துக்காக, ஹாரி பிரௌனுடன் சேர்ந்து, 1952இல் அவர் ஆஸ்கர் பெற்றார். ஆனால் முந்தைய செப்டம்பரிலேயே, கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்திருந்தார். கையில் விருது இருந்தும் ஸ்டுடியோக்களில் வேலை இல்லாமல் போனது. பிறகு பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்தார்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ‘ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்’ விவகாரம். 1946லேயே, பட்டியல் என்ற ஒன்று வருவதற்கு முன்பே, அவர் எழுதிக் கொடுத்த திரைக்கதை அது. 1956இல் படம் வெளியானபோது மூலக்கதை எழுதிய ஜெசமின் வெஸ்ட்டின் பெயர் திரையில் வந்தது. திரைக்கதை யாருடையது என்று ஒரு வரிகூட வரவில்லை. அந்தத் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எழுதியவரோ விருதுக்குத் தகுதியற்றவர் என்று ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் விதி சொன்னது.

அடுத்தது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’. வில்சனும், அவரைப் போலவே பட்டியலில் இருந்த கார்ல் ஃபோர்மனும் எழுதியதற்கான ஆஸ்கர், மூல நாவலை எழுதிய, ஆங்கிலத்தில் எழுதும் வழக்கமே இல்லாத பிரெஞ்சு நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’விலும் வில்சனின் பெயர் விடுபட்டது.

திரைக்கதை எழுத்தாளருக்குத் திரையில் வரும் பெயர்தான் தொழிலுக்கான மூலதனம். அடுத்த படத்துக்கான ஊதியம் அதை வைத்தே பேசப்படும். பெயரைப் பறித்தவர்கள் அந்த ஊதியத்தையும் சேர்த்தே பறித்தார்கள்.

வில்சன் 1978இல் காலமானார். க்வாய் படத்துக்கான ஆஸ்கர் 1980களில்தான் அவர் பெயருக்கு வந்தது. லாரன்ஸ் படத்துக்கான அங்கீகாரத்தை ஹாலிவுட்டின் எழுத்தாளர் சங்கம் 1995இல் அளித்தது. தாமதமானாலும் நீதி கிடைத்ததே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாடாளுமன்றக் குழுவின் முன் தம் மீதான சந்தேகத்தைப் போக்கிக்கொள்ளாதவர்களின் பெயரைத் திரையிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்று 1952இல் ஸ்டுடியோக்களுக்கு இசைவு தந்ததும் எழுத்தாளர் சங்கம்தான். எனவே 1995ஐப் பெருந்தன்மைக் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை. அது சங்கம் அடைத்த பழைய கடன், அதுவும் வட்டியில்லாமல்.