புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் ப்ராக்ஸி செய்து பாருங்கள்

4கே வீடியோ எடிட்டிங்குக்குப் புது கம்ப்யூட்டர்தான் வழி என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். டைம்லைன் (காட்சிகளை அடுக்கி ஓடவிட்டு எடிட் செய்யும் இடம்) திக்குவதற்குப் பெரும்பாலும் கோப்பின் வகைதான் காரணம். எச்.264, எச்.265 என்ற சுருக்கப்பட்ட வீடியோ கோப்புகளில் எல்லா ஃப்ரேமும் முழுதாக இருக்காது. பலவற்றில் மாறிய பகுதி மட்டுமே இருக்கும். ஒரு ஃப்ரேமைக் காட்ட அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் பிரித்தாக வேண்டும். ப்ராக்ஸி என்பது எடிட் செய்வதற்காக அசலிலிருந்து எடுக்கும் இலகுவான நகல். அதற்கான புரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற கோப்பு வகைகளில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ப்ராக்ஸி உருவாக்கலாம். எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் மூன்று கேமரா கல்யாண வீடியோவை நான் அப்படித்தான் முடித்தேன். டிஸ்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கலர் வேலைக்கு மட்டும் மறக்காமல் அசல் கோப்புக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம், செல்போன் காட்சிகள். அவற்றில் பலவற்றின் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது. நீளமான பேட்டிகளில் உதடும் குரலும் மெல்ல விலகிப் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். எடிட்டைத் தொடங்கும் முன்பே, இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி பொருத்த வேண்டிவரும்.