72-ல் 36

1951-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் டெஸ்ட் தொடரை 2–1 என்று வென்று வந்த பிரான்ஸ் ரக்பி லீக் (அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி) அணியைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் ஒரே பல்லவிதான். மனம்போன போக்கில் பந்தைக் கைமாற்றி ஆடினார்களாம். கேப்டன் புய்க் ஓபேர் எந்நேரமும் சிகரெட்டும் கையுமாக இருந்தாராம். சிகரெட் உண்மைதான். ஆனால் அதோடு கதையை முடித்துவிட்டால் அந்தத் தொடரை எப்படி ஜெயித்தார்கள் என்பதே புரியாமல் போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிட்னியில் 26–15 வெற்றி, பிரிஸ்பேனில் 11–23 தோல்வி, மறுபடி சிட்னியில் 35–14 வெற்றி. மூன்று டெஸ்டிலும் சேர்த்துப் பிரான்ஸ் எடுத்தது 72 புள்ளி. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது ட்ரை, கம்பங்களுக்கு நடுவே உதைப்பது கோல். அன்றைக்கு ஒரு ட்ரைக்கு 3, ஒரு கோலுக்கு 2. ட்ரைகள் 4, 1, 7. ஆக 12, அதில் 36 புள்ளி. கோல்கள் 7, 4, 7. ஆக 18, அதிலும் 36. பதினெட்டையும் அடித்தவர் புய்க் ஓபேர். அணியின் புள்ளிகளில் சரிபாதி ஒரே ஆளின் காலிலிருந்து வந்திருக்கிறது! முதல் டெஸ்டில் ட்ரைகளை மட்டும் எண்ணினால் பிரான்ஸுக்கு 12தான், ஆஸ்திரேலியாவின் 15-ஐத் தொட்டிருக்காது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. ஒவ்வொரு ட்ரைக்கும் பின் ஒரு கோல் உதை கிடைக்கும், அதுதான் கன்வெர்ஷன். 12 ட்ரைக்கு 12 கன்வெர்ஷனுக்கு மேல் கிடைக்காது. அப்படியானால் குறைந்தது 6 கோல், எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் பெனால்ட்டி உதை போன்ற வேறு வழியில் வந்தவை. ஆறு முறை மடக்கப்பட்டால் பந்தை விட்டுக்கொடுக்கும் ஆறு டேக்கிள் வரம்பு அப்போது கிடையாது. பந்தை இழக்கும்வரை அது உங்களுடையது. பந்தைப் பறிக்கப் பெரும்பாலும் இரு அணியும் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் மல்லுக்கட்ட வேண்டும். அங்கே பந்தைக் காலால் இழுக்கும் ஹூக்கர் கொஞ்சம் முந்திக் காலைத் தூக்கினாலும் விசில். எதிரணியில் குறி தப்பாத கால் ஒன்று இருந்தால் தன் பாதி மைதானத்தில் தப்பு செய்யவே கை கூசும். தற்காப்பு அரையடி பின்வாங்கும். பிரெஞ்சுக்காரர்கள் பந்தைக் கைமாற்றி ஓட இடம் கிடைத்தது அந்த அரையடியில் என்பதே என் முடிவு. மோதலின் முழுச் சுமையையும் தாங்கிய முன்கள ஆட்டக்காரர்கள் பொன்சினே, புரூஸ் ஜோடியையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலம் அது. ஒருவர் அடிபட்டு வெளியேறினால் மிச்சம் 12 பேர்தான்.

அந்தக் கோல் உதையும் லேசுப்பட்டதல்ல. பந்தை நிறுத்த இன்றைய பிளாஸ்டிக் டீ கிடையாது. குதிகாலால் புல்லைக் குடைந்து குழி செய்ய வேண்டும். குழி ஆழமானால் பூட்ஸ் முதலில் மண்ணில் முட்டும், ஆழமில்லாவிட்டால் காற்றில் பந்து சாயும். கயிறு கட்டிய பக்கம் காலுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். கயிற்றில் பட்டால் பந்து கோணிக்கொண்டு போகும். உதைப்பது பூட்ஸின் முனையால், நேராக. படும் இடம் சின்னது, ஒரு விரல்கடை விலகினாலும் கம்பத்துக்கு வெளியே. ஊன்றிய கால் பின்தங்கினால் பந்து மேலே எழும்பி முன்னாலேயே விழும். மழையில் தோல் பந்து நீர் குடித்துக் கனத்துவிடும். இத்தனையையும் தாண்டிப் பதினெட்டு!

எதிரே நின்றது யார்? கிளைவ் சர்ச்சில் தலைமையில், முந்தைய ஆண்டுதான் 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பிரிட்டனிடமிருந்து ரக்பி லீக் ஆஷஸைப் பறித்த ஆஸ்திரேலிய அணி. 1955-இல் பிரான்ஸ் மறுபடி போய் அதே 2–1 கணக்கில் வென்றது. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

சொந்த நாட்டில் இவர்களுக்கு நடந்ததை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. 1941 டிசம்பரில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பெத்தேனின் விஷி அரசு ஓர் ஆணையால் இந்த ஆட்டத்தின் சங்கத்தையே கலைத்துச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. போருக்குப் பின் ஆட்டம் திரும்பியது, பெயர் திரும்பவில்லை. ரக்பி என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ‘பதின்மூவர் ஆட்டம்’ என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். 1951-இல் லெக்கிப் விளையாட்டுப் பத்திரிகை புய்க் ஓபேரை அந்த ஆண்டின் சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியனாகத் தேர்ந்தெடுத்தது. அவர் ஆடிய ஆட்டத்துக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது 1990களில்தான்.