பொட்டலத்தில் படம் மட்டும் போதுமா?

முதன்முறையாகக் காய்கறித் தோட்டம் போடுகிறவருக்கு விதைப் பொட்டலம்தான் வழிகாட்டி. அதிலோ பளபளக்கும் தக்காளிப் படம் முக்கால் பங்கை அடைத்துக்கொள்கிறது. எந்தப் பருவத்தில் விதைப்பது, எவ்வளவு ஆழம், நாற்று விட்டு நட வேண்டுமா என்று ஒரு வரி கிடையாது. கேரட்டை நேரடியாகத்தான் விதைக்க வேண்டும், பிடுங்கி நட்டால் வேர் கோணிவிடும் என்பதைப் புதியவர் எப்படி அறிவார்?

எனக்கு ஆறாத கோபம் தேதியின் மீதுதான். தக்காளி விதை நன்றாகப் பாதுகாத்தால் 4 ஆண்டுகள்கூடத் தாங்கும். வெங்காய விதை அப்படியல்ல. ஓராண்டு கடந்தாலே முளைப்புத்திறன் சரியத் தொடங்கிவிடும். அப்படியிருக்க, விதையின் முளைப்பைச் சோதித்த நாளை அழிந்துபோகும் மையில், மடிப்புக்குள் அச்சிடுவது என்ன நியாயம்?

வீரிய ஒட்டு ரகமா, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியதா என்பதையும் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். அதன் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த முறை போட்டால் தாய்ச்செடியைப் போலவே வராது.

நான் வாங்கிய வெங்காய விதையில் ஒரு பாத்தி முழுவதும் வெறும் மண்ணாகவே கிடந்தது. மிச்சமிருந்ததில் 10 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பிரித்தபோது முளைத்திருந்தவை இரண்டே இரண்டு.