மரம் நடுவதற்கு மூன்று வருடப் படிப்பா?

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் என்றாலே மரக்கன்றும் விழிப்புணர்வுப் பேரணியும்தான் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பின்னர் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் ஒரு தாள் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் பல கல்லூரிகளில் அது தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டும் தாளாகிவிட்டது. அந்தத் தாளை வைத்தே பட்டப்படிப்பையும் ஊர் எடைபோடுகிறது.

படிப்பின் உண்மையான ஆழம் தெரிய, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. அணை வேண்டும் என்றிருக்க வேண்டிய விவசாயிகளே அதற்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது நிறம்; நிலத்தைக் கெடுத்ததோ உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்புச் சேர்க்கிறார்கள். அது துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு போய்விடுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்த பிறகும் கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. அதை எடுக்க, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வும், மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பும் அதில் சிக்கியிருந்தது.

இந்த ஒரு ஆற்றைப் புரிந்துகொள்ள வேதியியல், மண்ணியல், நிலத்தடி நீரியல், 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், பொருளாதாரம் எல்லாம் வேண்டும். மூன்று வருடம் போதாது என்பதே என் எண்ணம். வேலை? இளநிலையோடு நின்றால் வாய்ப்புக் குறைவு; முதுநிலைவரை படிக்கும் மனம் வேண்டும். ஆய்வகங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள், ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு ஆள் தேவைப்படுகிறது. அந்த மதிப்பீட்டு அறிக்கைகளைத் தவறின்றி எழுதவும், எழுதியதை மறுத்துக் கேட்கவும் தெரிந்தவர்கள் நமக்கு அவசரமாக வேண்டும்.

ஆகவே சேர்க்கும் முன் கல்லூரிக்கு நேரில் போங்கள். மாணவர்கள் எந்த ஏரியில், எந்த ஆற்றில் நீர் மாதிரி எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளக்க, நீர் மாதிரியை ஒரே வெப்பத்தில் வைக்கும் பெட்டிதான் பி.ஓ.டி. இன்குபேட்டர்; அது ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் எட்டிப்பாருங்கள். மூடியிருந்தால் பிள்ளையை நல்ல வேதியியல் துறையில் சேருங்கள். முதுநிலையில் இத்துறைக்கு வந்துகொள்ளலாம்.